‘சும்மாதான் எடுக்கிறேன்’: படம் எடுக்கிறவர் தம்மைக் கலைஞர் என்று சொல்லிக்கொள்ளலாமா?

2 மார்ச் 2025 (வாசகர் கேள்வி)

வியாசர்பாடியில் இருக்கிறேன். கூரியர் நிறுவனத்தில் வேலை. ஆறு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் என் தெருவையும் ரயில் பாதை ஓரத்தையும் படம் எடுத்து வருகிறேன். யாரும் கேட்டு எடுத்ததில்லை. ஒரு ரூபாய்கூட வந்ததில்லை. சென்ற வாரம் ஒரு வளைகாப்பு வீட்டில் நண்பர் ஒருவர் என்னைக் காட்டி, ‘இவர் கலைஞர்’ என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ‘இல்லைங்க, சும்மா எடுப்பேன்’ என்று உடனே மறுத்துவிட்டேன். நான் செய்தது சரியா? எந்தக் கட்டத்தில் ஒருவர் தம்மை அப்படிச் சொல்லிக்கொள்ளலாம்?

2 மார்ச் 2025, இரவு (என் பதில்)

மறுத்தது தவறு என்றே நினைக்கிறேன். யாரும் கேட்காமல், கூலி வாங்காமல், ஆறு ஆண்டுகள் ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறீர்கள். அதைக் கலை என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது? கேட்டுச் செய்தால் தொழில், கேட்காமல் செய்தால் கலை. என் வரையறை இவ்வளவுதான்.

4 மார்ச் 2025

அன்றிரவு எழுதியதில் அவசரம் இருந்தது. அதை அழிக்காமல் மேலேயே விட்டுவைக்கிறேன். வரையறை சொல்வதற்கு முன், எங்கே நின்றுகொண்டு பேசுகிறேன் என்பதைச் சொல்லியிருக்க வேண்டும்.

நான் புது வண்ணாரப்பேட்டையில் பிறந்து, மணமான பின்னும் இரண்டு தெரு தள்ளி அங்கேயே வாழ்கிறவள். லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் கப்பல் சரக்குக்கான ஆவணங்களைத் தயாரிக்கும் வேலை. 2014-ல் சீட்டு எடுத்த பணத்தில் ஒரு நிக்கான் கேமராவை, அதனுடன் வந்த 18–55 லென்சோடு வாங்கினேன். மூன்று ஆண்டுகள் கழித்து இன்னொரு சீட்டில் 50 எம்.எம். லென்ஸ் வந்தது. ஆண்டுதோறும், விசைப்படகுகள் கடலுக்குப் போகாத மீன்பிடித் தடைக்காலத்தில், காசிமேட்டுத் துறைமுகத்தைப் படம் எடுக்கிறேன். பதினோரு ஆண்டுகளில் என் படம் ஒன்றைக்கூட யாரும் விலை கொடுத்து வாங்கியதில்லை. அதனால் உங்கள் கூச்சம் எனக்கு அந்நியமானதன்று.

அந்தக் கூச்சத்துக்கு நம் மொழியும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது. நாளிதழிலும் திருமண அழைப்பின் பின்பக்க விளம்பரத்திலும் பாஸ்போர்ட் அளவுப் படம் எடுக்கும் கடையின் பலகையிலும் ‘புகைப்படக் கலைஞர்’ என்றே எழுதுகிறார்கள். கேமராவைப் பிழைப்பாக எடுத்தவர் எவராயினும், அவர் கேட்காமலே தமிழ் அந்த மரியாதையைக் கொடுத்துவிடுகிறது. ஆனால் ‘புகைப்பட’ என்ற முன்பாதியை நீக்கிவிட்டுப் பின்பாதியை மட்டும் சொல்லிப் பாருங்கள், நாக்கு நின்றுவிடும். தமிழ்நாட்டில் அச்சொல்லைத் தனியாகச் சொன்னால் மறைந்த முதலமைச்சர் ஒருவர்தாம் எல்லாருக்கும் நினைவுக்கு வருவார். சரி, ‘ஆர்ட்டிஸ்ட்’ என்று சொல்லலாமென்றால், எங்கள் தெருவில் அது கடைப் பலகையும் சுவர் விளம்பரமும் எழுதுகிறவரின் பெயர். கோடம்பாக்கத்தில் அது நடிகரின் பெயர். ஞாயிற்றுக்கிழமை காலையில், உலையை இறக்கிவைத்துவிட்டு, தோளில் பையோடு தெருவில் இறங்குகிற ஒருத்தியை அழைக்க அந்தச் சொற்களில் இன்னும் இடம் ஒதுக்கப்படவில்லை.

9 மார்ச் 2025

‘கேட்டுச் செய்தால் தொழில், கேட்காமல் செய்தால் கலை’ என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

2009 முதல் 2011 வரை தண்டையார்பேட்டையில், இப்போது மூடப்பட்டுவிட்ட அகஸ்தியா திரையரங்குக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு சிறிய ஸ்டுடியோவில் ஆல்பம் அடுக்கும் வேலை பார்த்தேன். அதன் உரிமையாளர் அண்ணனை நேற்றுக் கடைத்தெருவில் சந்தித்தபோது இந்த வரையறையை அவரிடம் சொன்னேன். அவர் முகம் வாடியது. ‘ஏம்மா, முப்பது வருஷமா நான் எடுத்ததெல்லாம் என்ன அப்போ? தாலி கட்டுற நேரத்துல எல்லாரும் பொண்ணு கழுத்தப் பாத்து ஃபிளாஷ் அடிப்பாங்க. நான் பொண்ணோட அப்பா கையப் பாப்பேன். அத யாரு கேட்டாங்க?’ என்றார்.

அவர் சொன்னது உண்மை. அந்தக் கைகளை நான் கணினியில் பார்த்திருக்கிறேன். மேல்துண்டைக் கசக்கிப் பிடித்த கை, மாப்பிள்ளை வீட்டாரைக் கும்பிடப் போய் பாதியில் நின்ற கை, காலியான தாம்பாளத்தைக் கீழே வைக்க மறந்த கை. ஆல்பத்துக்குப் படம் பொறுக்கும்போது குடும்பத்தினர் அவற்றை ஒருமுறைகூடத் தேர்ந்தெடுத்ததில்லை. அவர் மட்டும் அவற்றைத் தனியே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் சேர்த்து வைத்திருந்தார். கூலிக்கு எடுத்த படத்துக்குள்ளேயே கேட்காமல் எடுத்த படம் இருந்திருக்கிறது. இரண்டு ஆண்டுகள் அதை என் கையாலேயே நகர்த்திவிட்டு, இப்போது கூலியைக் கலைக்கு எதிரே நிறுத்தி எழுதியிருக்கிறேன்.

இந்த ஊரின் பழைய படங்களிலும் இதே சங்கதி உண்டு. ராயபுரம் ரயில் நிலையம் திறக்கப்பட்ட அதே 1856-ல், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் கேப்டன் லின்னேயஸ் டிரைப் என்பவரைச் சென்னை மாகாண அரசு தன் படப்பிடிப்பாளராக நியமித்தது. மாட்டு வண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு மதுரை, தஞ்சாவூர், திருவரங்கம் என்று சென்றார். பழங்கட்டடங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்பதே அவருக்கிடப்பட்ட வேலை. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டிச் சேர்த்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். அதுவரை அது முழுக்க அரசுப் பணிதான். ஆனால் அன்றைய காகித நெகட்டிவ்களில் வானம் வெறும் வெள்ளையாகவே விழும். டிரைப் சில நெகட்டிவ்களின் மேலேயே தூரிகையால் மேகங்களைத் தீட்டினார். அரசாணையில் மேகம் இல்லை. 1859-ல் ஆளுநராக இருந்த சார்லஸ் ட்ரெவெல்யன், இது ஆடம்பரச் செலவு என்று அந்தப் பணியையே நிறுத்தினார்.

அந்த மேகத்துக்கும் அப்பா கைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

10 மார்ச் 2025

பாரிஸ் நகரைப் படம் எடுத்த எழேன் அட்ஜேவை ஒருவர் நினைவூட்டியிருந்தார். அவர் தம் வாசற்பலகையில் ‘ஓவியர்களுக்கான ஆவணங்கள்’ என்றே எழுதி வைத்திருந்தார். 1926-ல் மேன் ரே என்ற கலைஞர் அவருடைய படங்களை ஓர் இதழில் வெளியிட்டபோது, இவை வெறும் ஆவணங்கள் என்று சொல்லித் தம் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ‘அவ்வளவு பெரியவரே கலைஞர் என்று சொல்லிக்கொள்ளவில்லை, நாம் ஏன் சொல்ல வேண்டும்?’ என்பது அந்த நண்பரின் வாதம்.

நானும் பல ஆண்டுகள் இந்தக் கதையின் நிழலில்தான் ஒதுங்கி நின்றேன். ஆனால் அட்ஜே அந்த ஆவணங்களை ஓவியர்களுக்கும் நூலகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் விற்று வாழ்ந்தார். ‘ஆவணம்’ என்பது அவருடைய கடைப்பெயர். அதற்கு வாடிக்கையாளர் இருந்தார்கள். கேட்டு வாங்க ஒருவரும் இல்லாத நாம் ‘ஆவணம்தான்’ என்று சொல்வது எதை மறைப்பதற்காக? என் விஷயத்தில், படம் நன்றாக இல்லை என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தை மறைப்பதற்காக. ஆவணத்தை யாரும் நன்றாக இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

16 மார்ச் 2025

கேள்வி கேட்டவர் வியாசர்பாடிக்காரர் என்பதால் இதை எழுதுகிறேன்.

இந்தச் சொல்லுக்கு நம் பக்கத்தில் வேறு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். சாவு வீட்டில் விடிய விடியக் கானா பாடுகிறவரை நீங்களும் நானும் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தோம். இறந்தவர் பெயர், அவர் வேலை பார்த்த இடம், பிள்ளைகள் பெயர் எல்லாவற்றையும் ஒரு மணி நேரத்துக்குள் விசாரித்து, கூட்டம் அழவும் ஆறவும் செய்யும்படி பாட்டுக் கட்டிவிடுவார். பறை அடிக்கிறவரின் விரல்களில் காய்ப்பு இருக்கும். இவர்களை ‘கலைஞர்’ என்று ஊர் அழைத்ததா? பாடி முடித்தபின் திண்ணைக்கு வெளியே தனி டம்ளரில் டீ கொடுத்த வீடுகள் எனக்குத் தெரியும். நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென்று நல வாரியம் வந்து, அட்டையில் அந்தச் சொல் அச்சாகி வருவதற்கே நெடுங்காலம் ஆனது. அந்த அட்டைக்காக அலுவலகப் படிகளில் காத்து நின்றவர்களை நான் படம் எடுத்திருக்கிறேன்.

இதை நினைக்கும்போது என் கூச்சத்துக்கு நியாயம் இருப்பதாகத் தோன்றும். மாதச் சம்பளமும் வருங்கால வைப்புநிதியும் உள்ள நான், பிழைப்பும் உயிரும் அந்தக் கலையிலேயே கிடக்கும் ஒருவர் முன்னால் அதே சொல்லை எப்படிச் சட்டையில் குத்திக்கொள்வேன்?

ஆனால் இரண்டு நாள் யோசித்தபின் மனம் மாறியது. நான் மறுத்துவிடுவதால் அந்தச் சொல் அவர்களிடம் போய்ச் சேர்ந்துவிடுவதில்லை. நுண்கலைக் கல்லூரி 1850-லேயே தொடங்கப்பட்ட நகரம் இது. பெரியமேட்டில் அதன் சிவப்புக் கட்டடத்தைத் தாண்டி எத்தனையோ முறை பேருந்தில் போயிருக்கிறேன், ஒருமுறைகூட உள்ளே நுழைந்து பார்க்கத் தோன்றியதில்லை. அது நமக்கான இடமில்லை என்று யாரும் சொல்லவில்லை. யாரும் சொல்லாமலே எங்களுக்குத் தெரிந்திருந்தது. என் கூச்சத்தில் எவ்வளவு பணிவு, எவ்வளவு இந்தச் சொல்லாமல் தெரிந்த பாடம் என்பதைப் பிரித்துப் பார்க்க என்னால் இன்னும் முடியவில்லை.

30 மார்ச் 2025

இதுவரை எழுதாமல் தள்ளிப்போட்ட ஒன்றை இன்று எழுதுகிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அந்த வாரம் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு காட்டுக்குப்பம் பக்கம் போனேன். படகுகளின் விளிம்பு, வலை, மாங்குரோவ் வேர், வீட்டுச் சுவரின் கீழ்ப்பகுதி எல்லாம் கறுப்பாகப் பிசுபிசுத்தன. இறகு ஒட்டிய கூழைக்கடாக்கள் பறக்க முடியாமல் நின்றன. மீனவர்கள் வாளியாலும் குவளைகளாலும் எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தார்கள். வாடையில் எனக்குத் தலை சுற்றியது.

அப்போது மேகம் விலகி, தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் நீலமும் ஊதாவும் பொன்னுமாக விரிந்தது. கரையோரம் ஒரு பெரியவர் முதுகைக் காட்டிக் குனிந்து, கையிலிருந்த பிசுக்கைச் சாக்குத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய கறுத்த கை அந்த ஊதா நிறத்துக்கு நடுவில் வந்தால் படம் நிறைவாக இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. அவர் இன்னும் இரண்டடி இடப்பக்கம் நகரட்டும் என்று காத்திருந்தேன். படங்களில் பதிந்த நேரத்தைப் பின்னர் பார்த்தபோது பதினொரு நிமிடங்கள் காத்திருந்தது தெரிந்தது. பதினொரு நிமிடம் அவர் எண்ணெயை அள்ள, நான் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் நன்றாக வந்தது. பார்த்தவர்கள் பகிர்ந்தார்கள், பெயர் இல்லாமலும் பரவியது. ‘என்ன அழகான படம்’ என்று ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தபோது வயிற்றைப் பிசைந்தது. ‘கலைஞர்’ என்ற சொல் அன்று எனக்குக் குற்றச்சாட்டாகக் கேட்டது. அதனால்தான் அந்த நாட்களில் யார் கேட்டாலும், ‘நான் கலைஞர் எல்லாம் இல்லை, நடந்ததைப் பதிவு செய்தேன், அவ்வளவுதான்’ என்று சொல்லிவந்தேன்.

இப்போது பார்த்தால் அந்தப் பதில்தான் பொய். நடந்ததை மட்டும் பதிவு செய்திருந்தால் முதல் நிமிடத்திலேயே அழுத்திவிட்டு நகர்ந்திருப்பேன். நான் தேர்ந்தெடுத்தேன், காத்திருந்தேன், நிறத்தை நிறத்தோடு சேர்த்தேன். ‘வெறும் பதிவு’ என்று சொன்னபோது அந்தப் பதினொரு நிமிடங்களுக்கான பொறுப்பைக் கேமராவின் தலையில் கட்டிவிட்டேன். அந்தப் பெரியவர் என்றாவது ஒருநாள், ‘ஏன் உதவிக்கு வராமல் நின்றாய்?’ என்று கேட்டால் கேமரா பதில் சொல்லாது.

படம் எடுத்தது தவறு என்று நான் சொல்லவில்லை. அதை எடுத்தவள் நான்தான் என்று சொல்வது எவ்வளவு கடினமாக இருந்தது என்பதையே சொல்கிறேன்.

6 ஏப்ரல் 2025

‘விவியன் மையர் போல யாருக்கும் காட்டாமல் எடுத்துக்கொண்டே போகலாமே, பெயர் எதற்கு?’ என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். சிகாகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்துகொண்டே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை விட்டுச் சென்றவர் அவர். 2007-ல் வாடகை கட்டாத கிடங்குப் பொருள்களை ஏலம் விட்டபோது அவை வெளியே வந்தன. 2009-ல் அவர் இறந்தார். ஏராளமான சுருள்கள் கழுவப்படாமலே கிடந்தன. இன்று நாம் பார்க்கும் படங்கள் பிறர் தேர்ந்தெடுத்தவை. எந்தப் படத்தை அவர் நிராகரித்திருப்பார், எதற்குப் பக்கத்தில் எதை வைத்திருப்பார் என்று அறிய வழியில்லை. அவர் வாழ்க்கை அவருடையது, அதில் குறை காண நான் யார்? ஆனால் அந்தப் பாதையை நான் விரும்பவில்லை. எனக்கு இந்த வேலையில் பாதி, எடுத்ததில் எதை விடுவது என்பதில் இருக்கிறது.

முதல் மூன்று ஆண்டுகள் நான் எடுத்தவற்றைச் சொல்கிறேன். அனல்மின் நிலையப் புகைபோக்கியின் பின்னால் சூரியன். தண்ணீரில் குதிக்கும் சிறுவர்கள். கையில் உறை மாட்டிய குத்துச்சண்டைப் பையன். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை. விடியற்காலை ஏலக் கூட்டம். வெளியூரிலிருந்து ஒரு நாள் வருகிறவர் எடுக்கும் படங்கள்தான் இவை. சினிமா எங்களைக் காட்டுகிற விதமும் ஏறக்குறைய இதுதான். என் ஊரை நானே அயலார் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2017-ல் ஒரு மழை நாளில் 12×18 அங்குல அளவில் நாற்பது படங்களை அச்சிட்டு வீட்டுக் கூடத்தில் பரப்பியபோதுதான் இது உறைத்தது. நாற்பதில் இரண்டு மிஞ்சின. இரண்டும் தடைக்காலத்தில் எடுத்தவை. அதன்பின் அந்த 61 நாட்களை மட்டும் எடுப்பது என்று முடிவு செய்தேன்.

கேள்வி கேட்ட தம்பிக்கு: ஆறு ஆண்டுப் படங்களில் இருபதை அச்சிட்டுத் தரையில் வைத்துப் பாருங்கள். செல்பேசித் திரையில் வேண்டாம்.

20 ஏப்ரல் 2025

தடைக்காலத்தின் முதல் ஞாயிறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன்கள் இனம் பெருகுவதற்கான காலம். 2017-க்கு முன் 45 நாட்களாக இருந்தது. மற்ற மாதங்களில் விடியுமுன்பே ஏலக்குரலில் அதிரும் இடம் இந்த நாட்களில் மெல்லப் பேசுகிறது. படகுகள் ஒன்றோடொன்று உரசும் ஒலி, சுத்தியல் ஒலி, வலையைத் தைத்துக்கொண்டே வானொலி கேட்பவர்கள். பைபர் படகுகளில் வரும் கொஞ்சம் மீனைச் சுற்றிப் பெண்கள்.

கருவாட்டுப் பக்கம் ஓர் ஆயா மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, வெற்றிலையின் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். பின்னால் கரையேற்றிய படகின் அடிப்பகுதி சுவர் போல நின்றது. கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். நெடுநேரம் எடுத்தேன். ‘எந்த டிவிம்மா?’ என்று எப்போதும் வரும் கேள்வி வந்தது. டிவி இல்லை என்றேன். ‘பேப்பரா?’ இல்லை என்றேன். ‘பின்ன எதுக்கு?’

‘சும்மாதான் ஆயா’ என்றேன்.

அவர் வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டார். ‘சும்மாவா? இன்னா வெயில் இது! சும்மா எவளாவது காலங்காத்தால வந்து மூணு மணி நேரம் நிப்பாளா?’ என்றவர், சற்று நிறுத்தி, ‘அப்ப என்னையும் சும்மாதான் எடுத்தியா?’ என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. ஏழு வாரங்களாக இங்கே பக்கம் பக்கமாக எழுதியவள், நீங்கள் வளைகாப்பு வீட்டில் சொன்ன அதே சொல்லைச் சொன்னேன். எனக்குள்ளே அது அடக்கமாக ஒலித்தது. அவர் காதில் அது, ‘நீ ஒரு பொருட்டில்லை’ என்று விழுந்திருக்கிறது. மூன்று மணி நேரம் வெயிலில் என்னோடு உட்கார்ந்திருந்தவரும் அவர்தான். கூலி வாங்காமல் தம் முகத்தையும் பொழுதையும் கொடுத்தவரும் அவர்தான். நான் செய்வது ஒன்றுமில்லை என்றால் அவர் கொடுத்ததும் ஒன்றுமில்லாமல் போகிறது. என் பெயரைப் பற்றிய கேள்வி என்னோடு முடிந்துவிடும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

21 ஏப்ரல் 2025

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். பதில் வரவில்லை என்று எழுதினேன். கிளம்பும்போது, ‘இல்ல ஆயா, வேணும்னுதான் எடுத்தேன்’ என்று சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அவ்வளவு தாழ்ந்த குரலில் சொன்னதால் அதைக் கணக்கில் சேர்க்கத் தோன்றவில்லை.

11 மே 2025

அச்சிட்ட படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேட் தாள், 12×18. பாராட்டை எதிர்பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆயா நெடுநேரம் பார்த்தார். பக்கத்துப் பெண்களும் பார்த்தார்கள். ‘கூடையக் கவுத்துப் போட்டு உக்காந்தத எடுத்துட்டியே கண்ணு. யாவாரம் இல்லன்னு ஊருக்கே காட்டுறியா?’ என்றார். கோபம் இல்லை, வருத்தம். எனக்கு அந்தக் கவிழ்ந்த கூடைதான் படத்தின் உயிர். இரண்டு மாத ஓய்வும் கடலின் மூச்சும் அதில் இருப்பதாக எண்ணியிருந்தேன். அவருக்கு அது தம் கடை சாத்தியிருப்பதன் சாட்சி. ‘தடை முடிஞ்சதும் வா. கூடை நிறைய வஞ்சிரமும் சங்கராவுமா வெச்சிக்கிட்டு உக்காருறேன். அத எடு’ என்றார்.

ஸ்டுடியோ அண்ணனின் வாடிக்கையாளர் அப்பா கையை ஆல்பத்தில் சேர்க்காத கதைதான் இது. இந்த முறை அந்தப் பக்கம் நிற்கிறவள் நான். யார் சொல்வது சரி என்று மூன்று வாரமாக யோசிக்கிறேன் என்று எழுதினால் பொய்யாகும். படம் சரி என்று எனக்குத் தெரியும். அவர் வருத்தமும் சரி. எங்காவது காட்டுவதாக இருந்தால் அவரைக் கேட்காமல் காட்ட மாட்டேன் என்பது மட்டும் அன்றே தீர்மானமாயிற்று.

1 ஜூன் 2025

எங்கள் பகுதி நூலகத்தில் உள்ளூர்க்காரர்களின் படங்களை வைக்கப் போகிறார்கள். ஐந்து படங்களும் எடுத்தவரைப் பற்றி ஒரு வரியும் கேட்டார்கள். ‘கிளியரிங் அலுவலக ஊழியர், ஓய்வு நேரத்தில் படம் எடுப்பவர்’ என்று எழுதி அடித்தேன். ஓய்வு நேரம் என்று எனக்கு ஒன்று இருந்ததே இல்லை. சமையலிலிருந்தும் உறக்கத்திலிருந்தும் திருடிய நேரம் அது. ‘புகைப்படக் கலைஞர்’ என்று எழுதி அதையும் அடித்தேன். அதில் என் படங்கள் எதுவும் தெரியவில்லை. கடைசியில், ‘2017 முதல் காசிமேட்டின் தடைக்காலத்தைப் படம் எடுத்து வருபவர்’ என்று கொடுத்தேன். அந்த வரியைக் கொடுத்தபோது கூசவில்லை. கவிழ்ந்த கூடை அந்த ஐந்தில் இல்லை.

22 ஜூன் 2025

தடை முடிந்து ஒரு வாரம். காலை நான்கரைக்கே போனேன். ஆயா சொன்னபடி கூடை நிறைய மீனோடு, புதுப் புடவையில், நெற்றியில் திருநீறோடு உட்கார்ந்திருந்தார். நேராக என்னைப் பார்த்தார். அவர் கேட்ட மாதிரியே எடுத்தேன். ஏலத்தின் மஞ்சள் விளக்கு. நல்ல வெளிச்சம் என்று சொல்ல முடியாது. வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தபோது ஒன்றைக் கவனித்தேன். அவருடைய இடக்கை, கூடையின் விளிம்பை, யாரோ பிடுங்கிக்கொள்ளப் போவதைப் போல இறுகப் பிடித்திருக்கிறது. அதை நானும் கேட்கவில்லை, அவரும் அறியவில்லை. ஆயா வீட்டுச் சுவரில் மாட்டப்போவது இந்தப் படம்தான். பழையதைத் திருப்பித் தருவீர்களா என்று கேட்டேன். ‘அது பொட்டில இருக்கட்டும்’ என்றார். ரேஷன் அட்டை வைத்திருக்கும் பெட்டி.

நான் எடுத்துக்கொண்டிருந்தபோது ஐஸ் உடைக்கும் பையன் ஒருவன் நின்று, ‘எந்த டிவி?’ என்று கேட்டான். நான் வாயைத் திறக்கும் முன் ஆயாவே சொன்னார்: ‘டிவி இல்லடா. படம் எடுக்குற பொண்ணு. தடைக்காலத்துல வருஷா வருஷம் வரும்.’

வியாசர்பாடித் தம்பி, இருபது படங்களை அச்சிட்டுவிட்டதாக எழுதியிருந்தீர்கள். நூலகத்தில் படங்களை வரும் ஞாயிறு மாட்டுகிறோம். காலை பத்து மணிக்கு ஆணியும் நூலும் கொண்டுவரும் பொறுப்பு என்னுடையது. உங்கள் இருபதையும் எடுத்து வாருங்கள், அங்கே தரை காலியாகத்தான் இருக்கும்.